ஊரை விட்டு வந்தபின் கைக்கு வந்த தூரிகை: ஊரையே வரைந்துகொண்டிருப்பது சரிதானா?

கேள்வி: அரசலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. சொந்த ஊர் கும்பகோணம். மூன்று ஆண்டுகளாகப் புனேயில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். நான் கேட்கவிருப்பது வேலையைப் பற்றியதன்று. இங்கே வந்த பிறகு என்னைப் பிடித்துக்கொண்ட ஓவியப் பழக்கத்தைப் பற்றியது. சற்று விரிவாகச் சொன்னால்தான் புரியும் என்பதால் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

ஊரில் இருந்த வரை நான் ஒரு கோடும் வரைந்தவன் அல்லன். எங்கள் ஊரில் அரசு கவின்கலைக் கல்லூரி ஒன்று இருந்தும், அதன் வாசலில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றியதில்லை. புனேக்கு வந்த முதல் ஆண்டின் மழைக்காலத்தில்தான் இது தொடங்கியது. நம் பக்கத்தில் ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழை, இங்கே ஆனியிலேயே பிடித்துக்கொண்டு ஆவணி கடந்தும் தூறிக்கொண்டிருக்கும். பழகிய முகம் ஒன்றுகூட இல்லாத நகரத்தில் சனி, ஞாயிறு முழுவதும் அறைக்குள் அடைந்து கிடக்க முடியாமல், ஒரு நாள் 12 வில்லைகள் கொண்ட நீர்வண்ணப் பெட்டியையும் ஒரு வரைபுத்தகத்தையும் வாங்கி வந்தேன். அன்று மாலை விளக்கு வைத்த நேரம் தொடங்கி இரவு உணவையும் மறந்து வரைந்துகொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாக உறங்கினேன்.

முதன்முதலில் வரைந்தது சாரங்கபாணி கோயிலின் ராஜகோபுரம். எங்கள் வீடு அதற்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. காலையில் கண் விழித்து மாடிக்குப் போனால் அதுதான் தெரியும். வரைந்ததைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா உடனே அழைத்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கோபுரத்துக்குப் பதினொரு நிலை உண்டே, நீ ஒன்பதுதானே போட்டிருக்கிறாய் என்று கேட்டார். 173 அடி உயரமுள்ள அந்தக் கோபுரத்தின் நிழலில் வளர்ந்தவன், அதன் நிலைகளை ஒருநாளும் எண்ணியதில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அதன் பிறகு நிறுத்தவே முடியவில்லை. மகாமகக் குளமும் அதைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களும், தாராசுரத்தின் கல் தேர்ச் சக்கரம், எங்கள் வீட்டுத் திண்ணை, முற்றத்தில் காயும் வடாம், அப்பா உயிரோடு இருந்தபோது உட்காரும் சாய்வு நாற்காலி என்று இரண்டு புத்தகங்கள் நிரம்பிவிட்டன. சென்ற மாதம் என்னுடன் வேலை செய்யும் மராத்தி நண்பர் ஒருவர் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, மூன்று வருடமாக எங்கள் ஊரில் இருக்கிறாய், இதில் எங்கள் ஊர் எங்கே என்று கேட்டார். குத்திக் காட்டும் நோக்கம் அவரிடம் சிறிதும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

நான் வரைவது ஓவியமா, அல்லது ஊருக்குத் திரும்ப முடியாத ஏக்கத்தைத் தாளில் ஆற்றிக்கொள்கிறேனா என்று குழம்புகிறேன். இன்னொரு உறுத்தலும் உண்டு. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் ஒரு மணி நேரம் பேசுவேன். இப்போது வெளிச்சம் போவதற்குள் வரைய வேண்டும் என்று பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். வீட்டை வரைவதற்காக வீட்டில் இருப்பவரிடம் பேசாமல் இருப்பது எனக்கே சரியாகப் படவில்லை. ஊரை விட்டு வந்த பிறகு ஏதேனும் ஒரு கலையைக் கைக்கொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஊடுபுள்ளி

தம்பிக்கு வணக்கம். நான் அருப்புக்கோட்டையிலிருந்து திருமணமாகி நாசிக்குக்கு வந்தவள். இங்கே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் கேள்வியைப் படித்தபோது, கோபுரத்தின் நிலையை அம்மா எண்ணிச் சொன்ன இடத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஏனென்றால் எனக்கும் ஏறக்குறைய அதுவேதான் நடந்தது.

அம்மா வீட்டில் இருந்த வரை நான் கோலம் போட்டதில்லை. விடியற்காலையில் சாணம் தெளிக்கும் ஓசை கேட்கும், புரண்டு படுத்துக்கொள்வேன். மார்கழியில் மட்டும் பூசணிப்பூ வைக்க எழுந்து போவேன். இங்கே வந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, என் மகள் பள்ளியில் யாரோ சொல்லக் கேட்டு வந்து, அம்மா உனக்குக் கோலம் போடத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. அன்றிரவே அம்மாவை அழைத்தேன். அம்மா தொலைபேசியிலேயே, பதினைந்து புள்ளி வை, ஊடுபுள்ளி, எட்டில் நிறுத்து என்று சொன்னார். நடு வரிசையில் பதினைந்து வைத்து, அடுத்தடுத்த வரிசையில் ஒவ்வொன்றாகக் குறைத்து, இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரு புள்ளி விழும்படி இருபுறமும் எட்டு வரை கொண்டுவர வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த ஒரு வரிக்குள் ஒரு முழுப் படத்தின் கட்டமைப்பும் அடங்கியிருந்ததை, கணக்குச் சொல்லிக் கொடுக்கும் நான் முப்பத்து மூன்றாவது வயதில்தான் அறிந்தேன்.

சிக்குக் கோலத்தில் கம்பி எனப்படும் கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து சேர வேண்டும்; ஓரிடத்தில் வளைவு தவறினால் கடைசியில் கோடு கூடாது. தவற்றை எங்கும் ஒளித்து வைக்க முடியாது. எத்தனையோ இரவு சிலேட்டில் சுண்ணக்கட்டியால் போட்டுப் போட்டு அழித்திருக்கிறேன். இடையில் ஒரு செய்தி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கோலங்களை இலக்கண விதிகளால் விளக்கிக் கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரை ஒன்றை 1974இல் வெளியிட்டிருக்கிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னபோது, அவர்கள் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் என்பதைத்தான் முதலில் கேட்டார். தம்முடைய கைவேலைக்கு ஒரு கேள்விமுறை உண்டு என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி இருந்தது.

எங்கள் அடுக்ககத்தில் அரிசி மாவு போட்டால் எறும்பு ஏறுகிறது என்று குறை சொன்னார்கள். எதிர்வீட்டு மராத்தி அம்மையார்தான் ராங்கோளிப் பொடி கொண்டுவந்து கொடுத்தார். கல்லை அரைத்த பொடி அது. அரிசி மாவைவிடக் கனமானது. விரலிடுக்கிலிருந்து சட்டென்று இறங்கிவிடும். இழையை மெலிதாக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அவர்களிடமும் புள்ளி வைத்துப் போடும் முறை இருக்கிறது. ஊதுவத்தியால் வரிசையாகத் துளையிட்ட தாளைத் தரையில் விரித்து, அதன் மேல் பொடியைத் தடவி எடுத்தால் புள்ளிகள் தாமே விழுந்துவிடுகின்றன. தீபாவளியன்று அவர் தாளை விரித்துப் புள்ளி வைக்க, நான் கம்பி இழுத்தேன். ஊரை நினைத்துத் தொடங்கிய பழக்கம் எதிர்வீட்டுக் கதவைத் திறந்தது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே ஊரையே வரைகிறோமே என்று உங்களை நீங்கள் வருத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தப் பத்து நிமிட அழைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வரைவதற்கு முன் அம்மாவிடம் கேளுங்கள்: திண்ணைக்கு எத்தனை படி, முற்றத்துத் தூணில் என்ன பூ செதுக்கியிருக்கிறது, அப்பாவின் நாற்காலியில் அந்நாளில் எந்த நிறத் துணி இருந்தது என்று கேளுங்கள். என் அம்மா என்னிடம் இவ்வளவு பேசியது, கோலம் கேட்கத் தொடங்கிய பிறகுதான்.

மறுமொழி 2: மெழுகும் மெட்டும்

தம்பி, எனக்கு வயது 68. திருநெல்வேலியிலிருந்து 1979இல் பம்பாய்க்கு வந்தேன். மேலே சகோதரி எழுதியது அருமை என்றாலும், என் அனுபவம் அதிலிருந்து சற்று மாறுபட்டது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஆச்சி வீணை வாசிப்பார். அவர் மறைந்தபின் எனக்கு வீணையின் மீது ஒரு தவிப்பு உண்டாயிற்று. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் தஞ்சாவூரிலிருந்து பலா மரத்து வீணை ஒன்றைத் தருவித்தேன். இரண்டு ஆண்டுகள் அது அறையின் மூலையில் துணி போர்த்தியபடி கிடந்தது. மாலையில் வந்து துணியை எடுத்து, தந்தியை ஒருமுறை மீட்டி, ஆச்சியை நினைத்துக்கொண்டு மீண்டும் மூடி வைப்பேன். அதை நான் வீணை கற்பதாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஆச்சியின் வீடு, வீணை அன்று.

பிறகு 1998இல், என் 41ஆம் வயதில், மாட்டுங்காவில் ஓர் ஆசிரியையிடம் சேர்ந்தேன். தீவிபத்தால் 1990இல் மூடப்பட்டிருந்த சண்முகானந்தா அரங்கம் மீண்டும் திறக்கப்பட்ட ஆண்டும் அதுதான்; ஊரெங்கும் அதே பேச்சாக இருந்தது. ஆசிரியை ஆறு மாதங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை என்னும் தொடக்கப் பயிற்சிகளைத் தவிர வேறு எதையும் வாசிக்க விடவில்லை. ஆச்சி வாசித்த பாட்டைக் கற்றுத் தருமாறு கேட்டேன். உங்கள் விரல் இன்னும் மெட்டின் மேல் நேராக விழவில்லை, பாட்டைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார். மெட்டு என்பது இங்கே பாட்டின் மெட்டு அன்று; சுரத்துக்காகத் தந்தியை அழுத்தும் இடத்தில் உள்ள கட்டை. அந்த ஆறு மாதத்தில் ஆச்சியின் நினைவு சிறிது சிறிதாகப் பின்னே போய், விரல் முன்னே வந்தது. நடுவிரல் நுனியில் காய்ப்பு ஏறியது. அன்றைக்குத்தான் நான் கற்கத் தொடங்கினேன் என்பேன்.

வீணையைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். அதன் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் பதிக்கப்பட்டிருக்கும். முதல் கோடையிலேயே என் மேல்மாடி அறையின் சூட்டில் மெழுகு இளகி, மெட்டுகள் இடம் பெயர்ந்து, எந்தச் சுரமும் சேராமல் போயிற்று. மீண்டும் மெழுகிட்டு ஒவ்வொரு மெட்டையும் சுரத்துக்கு ஒத்துப் பார்த்து நிறுத்துவதை மேளம் கட்டுதல் என்பார்கள். அது தெரிந்தவர் அப்போது அருகில் கிடைக்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வரும் வரை நான்கு மாதம் காத்திருந்தேன். வந்தவர் ஒரு நாள் முழுவதும் வேலை செய்தார். நான் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊரிலேயே இருந்திருந்தால் யாரோ செய்து கொடுத்திருப்பார்கள், நானும் கவனித்திருக்க மாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஏக்கம் உங்களைத் தூரிகையிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அதற்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் கோடும் நிறமும் கேட்கும் உழைப்பை ஏக்கம் செய்து தராது. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்தை வைத்துக்கொண்டு, உங்கள் தவற்றைச் சுட்டிக்காட்டக்கூடிய ஒருவரிடம் போய்ச் சேருங்கள். தனிமைக்கு மருந்தாக மட்டும் வைத்திருந்தால், தனிமை குறைந்த நாளில் அதுவும் போய்விடும். என் மூலையில் கிடந்த வீணையைப் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

மறுமொழி 3: வைகறைச்சாரல்

நான் பெங்களூருக்கு வந்த புதிதில் மண்பாண்டம் வனையக் கற்றுக்கொண்டு, மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன். சக்கரத்தின் நடுவில் களிமண்ணை ஆடாமல் நிறுத்தவே எனக்கு அவ்வளவு காலமும் சரியாகப் போயிற்று. ஒரு நல்ல கிண்ணம்கூட வரவில்லை. ஆனாலும் அந்த வகுப்பில் கிடைத்த இரண்டு தோழிகள் இன்றும் உடன் இருக்கிறார்கள். பெரியவர் சொல்வது போல் எல்லாருக்கும் கலை கைகூட வேண்டும் என்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்தாக இருந்து விலகிப்போனாலும் அது வீண் அன்று.

மறுமொழி 4: கருங்கல்

அரசலாற்றங்கரை நண்பருக்கு, நான் ஐந்து ஆண்டுகள் புனேயில் இருந்துவிட்டு இப்போது ஐதராபாத்தில் இருப்பவன்; ஞாயிறுதோறும் வெளியே அமர்ந்து வரைபவன். ஊரை வரையலாமா கூடாதா என்பதைவிட, நினைவிலிருந்தும் கைப்பேசிப் படத்திலிருந்தும் மட்டுமே வரைவதுதான் உங்கள் சிக்கல் என்று நினைக்கிறேன். உங்கள் கோபுரத்தில் இரண்டு நிலை குறைந்ததற்கு மறதி காரணம் இல்லை. நினைவு கோபுரம் என்ற பொதுவான வடிவத்தைத்தான் எடுத்துத் தருகிறது. எதிரில் அமர்ந்தால்தான் அந்தக் கோபுரத்தை எண்ண வேண்டிய கட்டாயம் வரும். ஓவியர் சில்பி ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, சிற்பத்தின் எதிரிலேயே அமர்ந்து வரைந்தவர். அவருடைய கோடுகளில் உள்ள உறுதிக்கு அந்த அமர்வே காரணம் என்பது என் கருத்து. கேப்ரியல் காம்பனாரியோ 2007இல் இணையத்தில் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் குழுவினரின் முதல் கொள்கையும், கண்ணெதிரே உள்ளதை அவ்விடத்திலேயே இருந்து வரைய வேண்டும் என்பதுதான். பல நகரங்களில் அவர்கள் கூடி வரைகிறார்கள். ஆசிரியர் கிடைக்காத இடத்தில் பக்கத்தில் வரைபவரின் புத்தகமே ஆசிரியராகிவிடும்.

உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட இடம் சொல்கிறேன். ஜங்கலி மகாராஜ் சாலையில் பாதாளேஸ்வரர் குடைவரைக் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுவது. சாலை இரைச்சலிலிருந்து சில படிகள் இறங்கினால் போதும், வேறோர் உலகம். அதன் முற்றத்தில் உள்ள நந்தி மண்டபம் வட்டமானது. சதுர மண்டபங்களையே பார்த்து வளர்ந்த சோழநாட்டுக் கண்ணுக்கு அது முற்றிலும் புதிது. பழக்கத்தால் வரைய முடியாது, பார்த்துத்தான் வரைய வேண்டும். வட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நீள்வட்டமாகத் தெரியும். அதன் விளிம்பு உங்கள் கண் மட்டத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு தட்டையாகவும், விலக விலக அகன்றும் தெரியும். ஆகவே கூரை விளிம்பும் தரை விளிம்பும் ஒரே அளவில் வளையமாட்டா. முதலில் எல்லாரும் தவறு செய்யும் இடம் இதுதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை முழுவதும் நீட்டி, பென்சிலால் உயரத்தையும் அகலத்தையும் அளந்த பிறகே கோடு போடுங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்தக் கல் தக்காணத்தின் எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கருங்கல். நம் பக்கத்துக் கோயில் கல்லின் வெளுத்த சாம்பல் நிறம் அதில் இல்லை. பெட்டியில் உள்ள கறுப்பை எடுக்காதீர்கள், செத்துப்போகும். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் கலந்தால் உயிருள்ள கருஞ்சாம்பல் கிடைக்கும். நிழலில் நீலத்தைக் கூட்டுங்கள், வெயில் படும் இடத்தில் சியன்னாவைக் கூட்டுங்கள். தாள் 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாளாக இருக்கட்டும்; மெல்லிய தாள் நீர் பட்டதும் சுருண்டுகொள்ளும்.

உங்கள் மராத்தி நண்பரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் வரையாவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: அரசலாற்றங்கரை

எழுதிய அனைவருக்கும் நன்றி. பெரியவர் ஐயா எழுதியதைப் படித்தபோது முதலில் சற்று வலித்தது. இரண்டாம் முறை படித்தபோது, துணி போர்த்திய அந்த வீணை என் அலமாரியில் இருக்கும் இரண்டு புத்தகங்களைப் போலவே தோன்றியது. ஆயினும் ஐயா, அவற்றை வரைந்த இரவுகள் எனக்கு மிகவும் தேவைப்பட்டவை. அப்பாவின் நாற்காலியை வரையாமல் அந்த ஆண்டை நான் கடந்திருக்க முடியாது. அதற்காக வருந்துவதில்லை என்று இப்போது முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு ஞாயிறுகளாகப் பாதாளேஸ்வரர் கோயிலுக்குப் போய் வருகிறேன். நண்பரும் வந்தார். அவர் இந்த நகரிலேயே பிறந்தவர். ஆனால் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிறகு அங்கே வந்ததில்லையாம். நான் வரைந்துகொண்டிருந்த ஒன்றரை மணி நேரமும் அருகிலேயே அமர்ந்து, சிறுவயதில் தாம் ஒளிந்து விளையாடிய இடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் படத்தில் கருங்கல் நண்பர் எச்சரித்த அதே தவற்றைச் செய்தேன்: கூரையும் தரையும் ஒரே வளைவில் வந்து மண்டபம் சாய்ந்துவிட்டது. மூன்றாவது முயற்சியில்தான் அது நேராக நின்றது. நிறக் கலவை நீங்கள் சொன்னபடியே வந்தது. மழையில் கல்லின் மேல் படர்ந்திருக்கும் பாசிப் பச்சைதான் இன்னும் பிடிபடவில்லை, அதற்கு என்ன கலக்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்றாவது படத்தை ஒன்றும் எழுதாமல் அம்மாவுக்கு அனுப்பினேன். இது நம் ஊர் இல்லையே என்று கேட்டபடியே அழைத்தார். நந்திக்கு ஏன் வட்ட மண்டபம் கட்டினார்கள், சுற்றி எத்தனை தூண் என்று அடுத்தடுத்துக் கேட்டார். இம்முறை எண்ணி வைத்திருந்ததால் உடனே சொல்ல முடிந்தது. ஊடுபுள்ளி அக்கா சொன்னபடி நானும் கேட்டேன். திண்ணைப் படியில் தொடங்கிய பேச்சு, அம்மா திருமணமாகி அந்த வீட்டுக்கு முதன்முதலாக வந்த நாள் வரை போயிற்று. பேசி முடித்தபோது வெளிச்சம் போய்விட்டிருந்தது, அன்று வரையவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். சாரங்கபாணி கோபுரத்தை எதிரில் அமர்ந்து வரைய வேண்டும். கடைகளும் மின்கம்பிகளும் மறைக்காமல் பதினொரு நிலையும் எந்த இடத்திலிருந்து தெரியும் என்று அம்மாவிடம் கேட்டிருந்தேன். நேற்றுக் காலை கோயிலுக்குப் போனபோது அம்மா தெருவில் அங்கங்கே நின்று பார்த்துவிட்டு வந்து, ஒரு வீட்டு வாசற்படியைச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்காரரிடம் பேசியும் வைத்துவிட்டாராம்.